ஈரத்துணிப் பழி

அந்தச் சனிக்கிழமை காலையில் மருமகன் தன் மடிக்கணினியின் பொத்தானை அழுத்திப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. சார்ஜரைக் கழற்றிக் குத்திப் பார்த்தார். அப்போதும் ஒன்றும் வரவில்லை. பிறகு மகளிடம் சொல்வதுபோல, ஆனால் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த எனக்குக் கேட்கும்படியாகச் சொன்னார்.

"மாமி திரும்பவும் ஈரத்துணியால மேசையைத் துடைச்சிருக்கிறா. லெப்டொப் செத்துப்போச்சு."

நான் துருவுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் குற்றத்தை ஒப்புக்கொண்டது மாதிரி ஆகிவிடும் என்று பட்டது. மகள் என்ன சொல்லப்போகிறாள் என்று காது கொடுத்துக் கேட்டேன். அவள் கூடத்தைக் கூட்டுகிற சத்தம்தான் கேட்டது.

உட்துறைமுகத்துக்குப் பக்கத்து ஒழுங்கையில் இருக்கிற இந்த வீடு ஒரு காலத்தில் என்னுடையது. தபால் கந்தோர் கவுண்டரில் வேலை செய்த காலத்தில் நானும் கணவரும் கட்டியது. அவர் போன பிறகு ஒரே மகளுக்குக் கலியாணம் பேசியபோது, எங்கள் பக்கத்து வழக்கப்படி வீட்டைச் சீதனமாக அவள் பெயருக்கு எழுதிக் கொடுத்தேன். எழுதிக் கொடுத்த அன்று எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மருமகன் வந்து வீடு முழுக்க மாபிள் பதித்தபோதுதான் வீடு என் கையை விட்டுப் போனது தெரிந்தது. என் அறையை மட்டும் விட்டுவிட்டார். "மாமியின்ர அறையைப் பிறகு பாப்பம்" என்றார். அந்தப் பிறகு இன்னும் வரவில்லை. நான் பழைய சிவப்புச் சீமெந்துத் தரைக்கு மாதா மாதம் சிவப்புப் பொலிஷ் போட்டுத் தேய்த்துக்கொண்டு இருக்கிறேன்.

அவர் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் கணக்கு வேலை செய்கிறார். சில நாட்களில் வீட்டிலிருந்தும் வேலை பார்ப்பார். கூடத்து மேசை அவருடைய மேசை. கடல் காற்றுக்கு அந்த மேசையில் நாள்தோறும் ஒரு பிசுபிசுப்பு ஏறும். முன்பொருமுறை அதை ஈரத்துணியால் துடைத்தேன். கணினியை அல்ல, மேசையை. அவர் கண்டுவிட்டு, "மாமி, இது கரண்ட் சாமான். உங்கட அம்மிக்கல்லு இல்லை" என்றார். அதற்குப் பிறகு உலர்ந்த துணியால், கணினியைச் சுற்றி, அதில் விரல் படாமல் துடைத்து வந்தேன். ஆனாலும் அந்த ஈரத்துணி வீட்டில் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. சோற்றுக் குக்கர் பழுதானாலும், தண்ணி மோட்டர் நின்றாலும், கேட் பூட்டு இறுகினாலும் அவர் முதலில் என் கையைத்தான் பார்ப்பார்.

அன்று அவர் கணினியைத் தூக்கித் துவாயில் சுற்றி அலுமாரிக்கு மேல் வைத்தார். கொழும்பில் இருக்கிற கூட்டாளி பார்ப்பானாம். "இஞ்ச இருக்கிற கடைக்காரரை நம்பேலாது. ஒருத்தரும் இதைத் தொடவேண்டாம்." ஒருத்தரும் என்று பொதுவாகச் சொன்னாலும் வீட்டில் இருந்தது மூன்று பேர்தான். அவர் யாரைச் சொன்னார் என்பதற்கு விளக்கம் தேவைப்படவில்லை.

பின்னேரம் தன் தாயோடு கைபேசியில் கதைத்தார். ஈரத்துணி அதற்குள் தண்ணீராகிவிட்டிருந்தது. "மாமி தண்ணியை விட்டிட்டா அம்மா" என்றார். ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கப் போன இடத்தில் பக்கத்து வீட்டுக்காரி என்னைப் பார்த்துத் தலையைச் சாய்த்தாள். "அக்கா, உங்கட மருமகன்ர கொம்பியூட்டருக்கு மேல ஒரு சருவம் தண்ணியை ஊத்திட்டீங்களாமே, உண்மையோ?"

மீன்காரன் தராசைப் பிடித்தபடி நின்றான். நான் வாங்க நினைத்த மீனை வாங்காமலே திரும்பி வந்தேன்.

திங்கட்கிழமை இருவரும் வேலைக்குப் போனதும் கதிரையை இழுத்துப்போட்டு ஏறி, அலுமாரிக்கு மேலிருந்து கணினியை இறக்கினேன். அவருக்கு உதவி செய்கிற எண்ணம் எனக்குக் கொஞ்சமும் இருக்கவில்லை. என் கை அதைக் கெடுக்கவில்லை என்று அவர் முகத்துக்கு நேரே காட்டவேண்டும் என்ற வெறிதான் இருந்தது. அதோடு, வெளியே சொல்லமுடியாத ஒரு சந்தேகமும் இருந்தது. ஒருவேளை நான்தானோ? துணி உண்மையில் உலர்ந்துதான் இருந்ததா?

கைபேசியில் ஒரு காணொளியைத் தேடி எடுத்தேன். தமிழ்நாட்டுப் பையன் ஒருவன் மூச்சுவிடாமல் கதைத்தான். நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். முதலில் சுவரில் கரண்ட் வருகிறதா என்று பார்க்கச் சொன்னான். அதே பிளக்கில் மேசை விசிறியைக் குத்தினேன், சுழன்றது. அடுத்தது சார்ஜர். அதன் கறுப்புப் பெட்டியில் சின்னப் பச்சை விளக்கு எரிந்தது. ஆகவே கரண்ட் அதுவரைக்கும் வருகிறது. முனையைக் கணினியில் குத்தினேன். கணினியின் ஓரத்தில் எரியவேண்டிய விளக்கு எரியவில்லை.

பற்றரியைக் கழற்றச் சொன்னான். அடியில் இருந்த இரண்டு கொளுக்கிகளையும் தள்ளிக் கழற்றினேன். சார்ஜரையும் எடுத்துவிட்டுப் பொத்தானை அழுத்திப் பிடிக்கச் சொன்னான். உள்ளே தேங்கிய கரண்ட் போகுமாம். விரல் நோகும்வரை பிடித்தேன். திரும்ப எல்லாவற்றையும் பூட்டி அழுத்தினேன். திரை கறுப்பாகவே கிடந்தது, அதில் என் முகம்தான் தெரிந்தது. வேறொரு சார்ஜரைக் கொண்டு சோதித்துப் பார்க்கச் சொன்னான். அதற்குப் பக்கத்து வீட்டுக்காரியிடம்தான் போகவேண்டும். போனேன். அவள் தன் மகளுடைய சார்ஜரை எடுத்துத் தந்து, "கவனம் அக்கா, இதுக்கும் ஏதும் பட்டிடப்போகுது" என்றாள். வாங்கி வந்தேன். அதன் முனை பெரிது. இதற்குள் போகவில்லை. உடனேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

கடைசியாக எங்கள் சார்ஜரையே குத்தி, முனையை மெல்ல அசைத்துப் பார்த்தேன். ஒரு பக்கமாகச் சரித்துப் பிடித்தபோது ஓரத்து விளக்கு செம்மஞ்சளாக ஒருமுறை மின்னி அணைந்தது. திரும்பச் சரித்தேன், திரும்ப மின்னியது. குத்துகிற இடம் ஆடுகிறது. ஈரத்துணி எதையும் ஆடவைக்காது.

கணினியையும் சார்ஜரையும் துவாயோடு பைக்குள் வைத்துக்கொண்டு ஓட்டோ பிடித்து, பஸ் நிலையத்துக்குக் கிட்டே இருந்த ஒரு திருத்தும் கடைக்குப் போனேன். கடைக்காரர் காதில் கைபேசியை வைத்தபடியே என்னைப் பார்த்தார்.

"என்ன பிழை?"

"சார்ஜ் ஏறுதில்லை. ஒண்டும் வருதில்லை."

"தண்ணி பட்டதோ?"

"இல்லை."

"எல்லாரும் இல்லை எண்டுதான் சொல்லுறவை."

இன்னொருவர் வாயிலிருந்தும் தண்ணீர் என்ற சொல் வந்ததும் எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "திறந்து பாத்திட்டுச் சொல்லுங்கோவன். பாக்காமல் ஏன் சொல்லுறீங்கள்?" என்றேன். அவர் முகம் இறுகியது. கைபேசியை வைத்துவிட்டுத் திருகாணிகளைக் கழற்றத் தொடங்கினார். இருக்கச் சொல்லவில்லை. நான் நின்றுகொண்டே பார்த்தேன். அடித்தட்டைத் தூக்கி, வெளிச்சத்தில் பிடித்து, ஊதி, மூலை மூலையாகப் பார்த்தார்.

"தண்ணி படேல்ல" என்றார். மன்னிப்பு எதுவும் அதில் இல்லை. "இது விழுந்திருக்கு. சார்ஜர் குத்தினபடி விழுந்திருக்கு. இந்தா பாருங்கோ, வயர் குத்துற இடம் உடைஞ்சு உள்ள போயிருக்கு. சார்ஜ் ஏறாமல் பற்றரியும் இறங்கிப்போச்சு. வெளி மூலையும் நசுங்கிக் கிடக்கு."

குனிந்து பார்த்தேன். மூலையில் ஒரு வெடிப்பு. அந்த வெடிப்புக்குள் சிவப்பாக ஏதோ அப்பியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். மெழுகு. பொலிஷ் மணத்தது.

"மாத்திறதோ?"

"மாத்துங்கோ."

"ஆற்ற லெப்டொப்?"

"மருமகன்ர."

"அவருக்குத் தெரியுமோ நீங்கள் கொண்டு வந்தது?"

"நீங்கள் வேலையைச் செய்யுங்கோ."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். களவெடுத்துக்கொண்டு வந்த சாமான் என்று நினைத்தாரோ தெரியாது. ஆனாலும் வேலையைச் செய்தார். புதிய துண்டை வைத்துப் பற்றுவைத்து மூடிச் சார்ஜரைக் குத்தியதும், ஓரத்து விளக்கு செம்மஞ்சளாக எரிந்து அப்படியே நின்றது. திரையில் மகளும் மருமகனும் கடற்கரையில் எடுத்த படம் வந்தது. இருவரும் சிரித்துக்கொண்டு இருந்தார்கள். அதற்குமேல் போகக் கடவுச்சொல் கேட்டது. எனக்குத் தெரியாது, தேவையும் இல்லை.

"தண்ணி படேல்ல எண்டு பில்லில ஒரு வரி எழுதித் தாருங்கோ" என்று கேட்டேன்.

"அப்பிடியெல்லாம் எழுதித் தரேலாது அம்மா. உங்கட வீட்டுச் சண்டைக்கு நான் சாட்சிக்கு வரேல்ல."

உடைந்த பழைய துண்டை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஓட்டோவில் வரும்போது அந்தச் சிவப்பு மெழுகைப் பற்றியே யோசித்தேன். வீட்டில் சிவப்புத் தரை இருக்கிற ஒரே இடம் என் அறை. அப்படியானால் அது விழுந்தது என் அறையில். இதைக் கொண்டுபோய் மருமகனிடம் காட்டினால் பழி இன்னும் இறுகும். ஆனால் நான் அதை அறைக்குள் கொண்டுபோகவில்லை என்பது எனக்குத் தெரியும். மருமகன் அந்த அறைக்குள் காலே வைப்பதில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் நான் அம்மன் கோயிலுக்குப் போகும்போது என் அறையில் இருப்பது ஒரே ஒரு ஆள்தான். மகள் பள்ளிக்கூட ஆசிரியை. வினாத்தாள் அடிக்கவேண்டுமென்றால் கணவனின் கணினியைத் தூக்கிக்கொண்டு என் கட்டிலில் வந்து இருப்பாள். துறைமுகப் பக்கத்துக் காற்று அந்த யன்னலால்தான் வரும்.

வீட்டுக்கு வந்ததும் அறையில் குனிந்து தேடினேன். கட்டில் காலுக்குப் பக்கத்தில், பொலிஷில் ஒரு கீறல் கிடந்தது. மூன்று நாளாக நான் அதை மிதித்துத் திரிந்திருக்கிறேன்.

மகள் பள்ளிக்கூடத்தால் வந்து, சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவிக்கொண்டு நின்றாள். நான் உடைந்த துண்டைக் குசினி மேசையில் வைத்தேன்.

"வெள்ளிக்கிழமை நீ என்ர அறையில இருந்து வேலை செய்தனியோ?"

"ஓம். ஏன்?" என்று திரும்பியவள் துண்டைக் கண்டாள். குழாயைப் பூட்டினாள். கொஞ்ச நேரம் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே திரும்பவும் துடைத்தாள்.

"அடுப்பைப் பாக்க எழும்பினனான். வயர் காலில கொழுவிட்டுது. விழுந்தது பெரிசா ஒண்டும் இல்லை எண்டு நினைச்சன் அம்மா. கொண்டுபோய் மேசையில வச்சிட்டன்."

"சனிக்கிழமை தெரிஞ்சதுதானே. ஏன் சொல்லேல்ல?"

"சொல்லத்தான் வாயெடுத்தனான். அதுக்குள்ள அவர் உங்களைச் சொல்லிட்டார்."

"சொல்லட்டும் எண்டு விட்டிட்டாய்."

அவள் முகம் சிவந்தது. "உங்களை எண்டால் ரெண்டு நாள் புறுபுறுத்திட்டு விட்டிடுவார். என்னை எண்டால் வருசக்கணக்காச் சொல்லிக் காட்டுவார். நீங்கள் அறைக்குள்ள போய்க் கதவைச் சாத்தலாம். நான் எந்தக் கதவைச் சாத்துறது?"

இதைக் கேட்டு ஒரு தாய்க்கு நெஞ்சு இளகியிருக்கவேண்டும். எனக்கு இளகவில்லை. ஊருக்குள் என்னை ஒரு சருவம் தண்ணியோடு சேர்த்துக் கதைக்கவிட்டுவிட்டு, என் முன்னால் இருந்து நான் சமைத்த சோற்றை அவள் சாப்பிட்டிருக்கிறாள்.

"இண்டைக்குப் பின்னேரம் அவரிட்ட நீயே சொல்லு" என்றேன். "ஓம்" என்றாள். தலையைத் தூக்கவில்லை.

மருமகன் வந்து, கூடத்து மேசையில் கணினி இருப்பதையும் ஓரத்து விளக்கு எரிவதையும் கண்டு அப்படியே நின்றார். திறந்தார். வேலை செய்தது. நான் குசினி வாசலில் நின்றேன். நன்றி எதிர்பார்க்கவில்லை. ஆனால் கொஞ்சம் வெட்கப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

"ஆர் இதைத் தொட்டது?"

"நான்தான் கடைக்குக் கொண்டுபோனனான். தண்ணி படேல்ல எண்டு கடைக்காரர் திறந்து பாத்துச் சொன்னவர். வயர் குத்துற இடம்தான் உடைஞ்சிருக்கு. விழுந்ததாம்."

"ஆரைக் கேட்டுக் கொண்டுபோனீங்கள்? என்ர கந்தோர்க் கணக்கு முழுக்க இதுக்குள்ள கிடக்கு. கண்டவனிட்டக் குடுத்துத் திறந்திருக்கிறீங்கள். அவன் என்னத்தை எடுத்தான், என்னத்தைப் பாத்தான் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"திருத்தித்தானே தந்திருக்கு."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்றும் மன்னிக்கவில்லை. "அதுதான் கேக்கிறன். பிழை விடாத ஆள் ஏன் மாமி ஆருக்கும் சொல்லாமல் ஒளிச்சுக் கொண்டுபோய்த் திருத்தவேணும்?"

பழியைத் துடைக்கப் போனதே பழிக்குச் சாட்சியாகிவிடும் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தேன். அவள் அறை வாசலில் துவாயோடு நின்றாள்.

"பிள்ளை, சொல்லு."

"என்னத்தைச் சொல்ல?" என்றாள்.

"வெள்ளிக்கிழமை என்ர அறையில..."

அவள் என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்துச் சொன்னாள். "விடுங்கோ. அம்மாவுக்கு இப்ப கொஞ்சம் மாறாட்டமா இருக்கு. திருத்தியாச்சுத்தானே."

அவர் குரல் உடனே தணிந்தது. அதுதான் மோசம். கோபித்தவர் நோயாளியோடு கதைப்பதுபோலக் கதைக்கத் தொடங்கினார். "சரி மாமி. இனி ஒண்டையும் தொடாதேங்கோ. ஏதும் எண்டால் எங்களிட்டச் சொல்லுங்கோ." நான் என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். அன்று யாரும் சாப்பிடக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் போயிருக்கமாட்டேன்.

அதோடு முடியவில்லை. அடுத்த கிழமை, மறதிக்கு ஒரு டொக்டரிடம் காட்டுவோமா என்று மருமகன் கேட்டார். மகள் பக்கத்தில் இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் எழும்பி உடுப்பு அடுக்கினேன். கப்பல்துறை என்கிற ஊரில் இருக்கிற தங்கச்சி வீட்டுக்குப் பஸ் ஏறினேன்.

தங்கச்சிக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "பெத்த பிள்ளைக்காக ஒரு பழியைத் தாங்கேலாதோ அக்கா? அவள் வாழுற பிள்ளை" என்றாள்.

"அப்ப நான் சாகிற ஆளோ?" என்றேன். அந்த வீட்டிலும் கதை நின்றுபோனது. அவளுடைய பேரப்பிள்ளைகள் படுக்கிற அறையில் எனக்குப் பாய் போட்டார்கள். நான் வந்ததால் பிள்ளைகளுக்குப் படிக்க இடமில்லை என்று அவளுடைய மகன் மனைவிக்குச் சொன்னது எனக்குக் கேட்டது. திரும்பி வந்தேன். என் வீட்டுக்கு, அதாவது மகளின் வீட்டுக்கு. மகள் கேட்டைத் திறந்து பையை வாங்க நீட்டிய கையை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

பிறகு வீட்டில் தேவையான சொற்கள் மட்டும் நடந்தன. உப்பு முடிஞ்சுது. காஸ் வந்திட்டுது. குடையைக் கொண்டுபோ. மகள் ஒருமுறை என் கட்டிலில் வந்து இருந்து, "அம்மா, அண்டைக்கு நான்..." என்று தொடங்கினாள். "எனக்கு மாறாட்டம். ஒண்டும் நினைவில்லை" என்றேன். அவள் எழுந்து போனாள். அப்படிச் சொன்னது எனக்கு நன்றாகத்தான் இருந்தது. பிறகும் நன்றாகத்தான் இருந்தது.

உண்மை வெளியே வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அதற்கும் எனக்கும் ஒரு தொடர்பும் இல்லை. மருமகனின் தாய் ஒரு மாதம் வந்து நிற்பது பற்றி அவர்களுக்குள் சண்டை. என் அறையில் சேலை மடித்துக்கொண்டு இருந்தேன். குரல்கள் ஏறின. அவர், நீ எதையும் ஒழுங்காகச் செய்வதில்லை, எதையும் நேரே சொல்வதில்லை என்று ஏதோ சொன்னார். மகள் கத்தினாள்.

"ஓம், சொல்லுறேல்ல! அந்த லெப்டொப்பை விழுத்தினதும் நான்தான். அம்மா இல்லை. இப்ப என்ன செய்யப்போறீங்கள்?"

நான் மடித்த சேலையை மடியில் வைத்தபடி காத்திருந்தேன். அவர் என்ன சொல்வார்? என் அறைக் கதவைத் தட்டுவாரா? ஒரு சொல் சொல்வாரா? அவர் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"அது முடிஞ்ச கதை. இப்ப என்ர அம்மா வாற விசயத்தைச் சொல்லு."

மகள் என்னை மீட்டுவிடவில்லை. அவரை அடிக்கக் கையில் அகப்பட்டதை எடுத்து எறிந்தாள், அவ்வளவுதான். எறிந்தது என் மானம். அதுவும் அவர் மேல் படவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவர் குசினிக்கு வந்தார். சேலையை வைத்துவிட்டு நானும் அங்கே வந்திருந்தேன். சட்டைக் கையை மடித்து மடித்து விட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"மாமி, தேத்தண்ணி இருக்கோ?"

"இல்லை" என்றேன்.

பிளாஸ்க் நிறைய இருந்தது. இருவருக்கும் நடுவில், மேசையில்தான் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு கடைப் பக்கம் போனார்.

மகள் வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. "சொல்லிட்டன். இப்ப சரிதானே?" என்றாள். குரலில் இன்னும் சண்டை இருந்தது.

"எனக்காகவோ சொன்னனீ?"

அவள் பிளாஸ்க்கைத் திறந்து தனக்கு மட்டும் ஊற்றிக்கொண்டு கூடத்துக்குப் போனாள். நான் அடுப்படியைத் துடைக்கத் தொடங்கினேன்.